நோய் தீராது என்று தெரிந்தபின்: அந்திமக்காலப் பராமரிப்பின் செலவைச் சென்னைக் குடும்பங்கள் சமாளிக்க ஒரு முழு வழிகாட்டி

கடைசி மாதங்களில் சென்னைக் குடும்பங்களின் பணம் பெரும்பாலும் பராமரிப்பில் கரைவதில்லை, பதற்றத்தில்தான் கரைகிறது. குணமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகும், வலியோ மூச்சுத்திணறலோ வரும் ஒவ்வொரு ராத்திரியும் ஆம்புலன்ஸ், அவசரப் பிரிவு, ஐசியு என்று போய்வந்தால் சேமிப்பு ஒரு மாதம்கூடத் தாங்காது. வலி நிவாரணமும் நர்ஸ் வருகையும் இந்த ஊரில் இலவசமாகவே கிடைக்க வழி இருக்கிறது. வீட்டில் ஆள் வைத்துப் பார்ப்பதற்குத்தான் உண்மையில் பணம் வேண்டும். அந்தச் செலவைப் பெரும்பாலான காப்பீடுகள் தருவதில்லை. எது இலவசம், எதைக் காப்பீட்டில் கேட்கலாம், எதற்குக் கைக்காசு வேண்டும் என்று முதல் வாரத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

படி 1: டிஸ்சார்ஜுக்கு முன்பே எழுதி வாங்க வேண்டியவை

மருத்துவமனையை விட்டு வெளியே வந்தபின் ஒரு வரியைத் திருத்தி வாங்குவதற்குக்கூட நாலு முறை அலைய வேண்டியிருக்கும். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் கவுன்டரிலேயே நின்று படித்துப் பாருங்கள். நோயின் பெயர், அது எந்த நிலையில் இருக்கிறது, இதுவரை செய்த சிகிச்சை, இனி வலி நிவாரணம் மற்றும் ஆதரவுச் சிகிச்சைதான் (பாலியேட்டிவ் கேர்) என்ற டாக்டரின் பரிந்துரை, வீட்டில் தொடர வேண்டிய மருந்துகளின் அளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசிக் கட்ட நோயாளிகளை வைத்துப் பார்க்கும் இலவச மையமான ஹாஸ்பிஸில் சேர்க்கவும், கடும் வலிக்கான மார்ஃபின் வாங்கவும் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டும் கடைசி ஸ்கேனும் கேட்பார்கள். எல்லாவற்றிலும் மூன்று செட் நகல் எடுத்து, போனிலும் படம் பிடித்து வையுங்கள்.

ஒரு வரியில் தனிக் கவனம் வேண்டும். குடும்பமாக முடிவெடுத்து வீட்டுக்கு அழைத்துப் போகும்போது, "மருத்துவ ஆலோசனையை மீறிச் சென்றார்" என்று எழுதி அனுப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. காப்பீட்டு கிளெய்மில் தேவையில்லாத கேள்விகளுக்கு அது இடம் கொடுக்கும். டாக்டரோடு பேசி எடுத்த முடிவு என்றால், அவருடைய ஆலோசனைப்படி ஆதரவுச் சிகிச்சைக்கு மாற்றப்பட்டார் என்றுதான் எழுத வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

படி 2: இலவசமாகக் கிடைப்பதை முதலில் பிடியுங்கள்

வசதியுள்ள குடும்பங்களும் இந்தப் படியைத் தாண்டிவிடக் கூடாது. இங்கே கிடைக்கும் மருத்துவ அனுபவம், காசு கொடுத்தாலும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

உங்கள் வார்டுக்கான நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யும் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் நகல், வீட்டு முகவரி கொடுத்துப் பதிவு செய்யுங்கள். "படுத்த படுக்கையாக இருக்கிறார், யூரின் டியூப் இருக்கிறது, படுக்கைப்புண் இருக்கிறது" என்று இருப்பதை அப்படியே சொன்னால்தான் அதற்கேற்ற ஆளை அனுப்ப முடியும். நர்ஸ் தினமும் வரமாட்டார் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புண்ணுக்குக் கட்டுப்போட வீட்டில் ஒருவர் அவரிடமே கற்றுக்கொள்வது நல்லது. எந்த நிலையத்துக்குப் போவது என்று தெரியாவிட்டால் 104-ஐ அழைக்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

வலி நிவாரணத்துக்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் கேளுங்கள். புற்றுநோய் என்றால் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் இருக்கிறது. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களைக் கட்டணமில்லாமல் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் ஜீவோதயா ஹாஸ்பிஸ் மாத்தூரில் இருக்கிறது. ஆர்எம்டி, டீன் போன்ற அறக்கட்டளைகளும் நகரில் ஆதரவுச் சிகிச்சை தருகின்றன. இடம் காலியாக இருக்கிறதா, எந்த நோயாளிகளைச் சேர்ப்பார்கள், கூட ஒருவர் தங்க வேண்டுமா என்று போனில் கேட்டுவிட்டு, ரிப்போர்ட்டுகளோடு முதலில் குடும்பத்தில் ஒருவர் மட்டும் போய்ப் பேசுங்கள். நோயாளியை ஆம்புலன்ஸில் கொண்டுபோய் வாசலில் நிறுத்திவிட்டு இடமில்லை என்று திரும்புவது அவருக்கும் வேதனை, காசுக்கும் நஷ்டம். வழிகாட்டவும் பேச்சுத்துணைக்கும் சாத்-சாத் என்ற தேசிய உதவி எண் உண்டு: 1800 202 7777.

மார்ஃபினைப் பற்றி இங்கேயே சொல்ல வேண்டும். மார்ஃபின் மாத்திரை விலை மலிவு. ஆனால் தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்காது. 2014-ல் திருத்தப்பட்ட போதைமருந்துச் சட்டத்தின்படி அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களே அதை வைத்திருந்து தருகின்றன. இது தெரியாத குடும்பங்கள் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஃபென்டனில் என்ற, தோலில் ஒட்டும் வலி மருந்து ஒட்டுப்பட்டைக்கு மாதம் முழுக்கச் செலவழிக்கின்றன. மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு ஒட்டுப்பட்டை தேவைப்படலாம். மற்றவர்கள் மார்ஃபின் போதுமா என்று டாக்டரிடம் நேராகவே கேட்கலாம். மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். அதை விட்டுவிட்டு, ஒரு வாரம் மலம் போகாமல் வயிறு உப்பி அவசரப் பிரிவுக்கு ஓடுவது அடிக்கடி நடக்கிறது. சில ரூபாய் மருந்தால் தவிர்க்கக்கூடிய செலவு அது.

படி 3: காப்பீடு எதுவரை வரும்

தனியார் மருத்துவக் காப்பீட்டு பாலிசி இருந்தால், "விலக்குகள்" பகுதியில் எண் 05-ஐத் தேடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த வாசகம் அது. ஓய்வுக்காக மட்டும் சேர்வது, குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்ற அன்றாட உதவிக்கு நர்ஸோ உதவியாளரோ வைப்பது, மரணத்தறுவாயில் இருப்பவர்களின் உடல், சமூக, மன, ஆன்மிகத் தேவைகளுக்கான சேவைகள் ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது என்று அது சொல்கிறது. ஹாஸ்பிஸ் கட்டணம் நேரடியாக இந்த விலக்கில்தான் விழுகிறது. சில பாலிசிகள் கூடுதல் பிரீமியத்துக்கு இதைத் தளர்த்தியிருக்கலாம், உங்கள் பாலிசியின் அட்டவணையைப் பாருங்கள். இல்லையென்றால் ஹாஸ்பிஸ் பில்லை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

ஆனாலும் அந்த பாலிசியிலிருந்தே வாங்கக்கூடியவை சில உண்டு. பலரும் இவற்றை விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு. பாலிசியைப் பொறுத்து 60, 90 அல்லது 180 நாள் வரை, அதே நோய்க்காக வாங்கிய மருந்து, செய்த பரிசோதனை, பார்த்த டாக்டரின் கட்டணம் எல்லாம் கேட்கலாம். வீட்டுக்கு வந்தபின் முதல் இரண்டு மூன்று மாத மருந்துச் செலவு இதில் அடங்கிவிடும். டாக்டர் சீட்டு, அதே தேதியோ அதற்குப் பிந்தைய தேதியோ உள்ள ஜிஎஸ்டி பில், நோயாளியின் பெயர் மூன்றும் பொருந்த வேண்டும். சீட்டு இல்லாமல் வாங்கிய மாத்திரையும் மகன் பெயரில் போட்ட பில்லும் வெட்டப்படும்.

இரண்டாவது, இடையில் வரும் உண்மையான மருத்துவச் சேர்க்கை. நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரை எடுப்பது, காய்ச்சலோடு வந்த தொற்று, குடல் அடைப்பு, மாத்திரையில் அடங்காத வலிக்கு ஊசி வழியாக மருந்தின் அளவைச் சரிசெய்வது போன்றவை 24 மணி நேரத்துக்கு மேலான சிகிச்சைச் சேர்க்கைகள். சேர்க்கைக் காரணமாக அந்தச் சிக்கலையும் கொடுத்த சிகிச்சையையும் டாக்டர் தெளிவாக எழுத வேண்டும். "கடைசிக் கட்டப் பராமரிப்பு" என்று பொதுவாக மட்டும் எழுதினால் விலக்கு 05-ஐக் காட்டி மறுக்க வசதியாகிவிடும். நடக்காத சிகிச்சையை எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். நர்ஸ் குறிப்பேட்டோடு ஒப்பிட்டதும் அது வெளியே வந்து, முழு கிளெய்மும் போய்விடும்.

மூன்றாவது, வீட்டிலேயே மருத்துவமனை சிகிச்சை என்ற பிரிவு. நோயாளியை நகர்த்த முடியாத நிலை, அல்லது மருத்துவமனையில் இடமில்லை என்ற நிலையில், டாக்டர் எழுத்தில் சொன்ன சிகிச்சையை வீட்டில் எடுப்பதற்கானது. பெரும்பாலும் மூன்று நாளுக்கு மேல் நீடிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். முன்அனுமதி இல்லாமல் தொடங்கிவிட்டுப் பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

அறை வாடகையிலும் கவனம் வேண்டும். பாலிசியில் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்பு இருக்கும்போது 10,000 ரூபாய் அறையை எடுத்தால், வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதாது. டாக்டர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்படலாம். மருந்து, பரிசோதனை, ஐசியு கட்டணத்துக்கு இந்த வெட்டு பொருந்தாது. காப்பீட்டு நிறுவனத்துக்காக கிளெய்மைக் கையாளும் டிபிஏ வெட்டியிருந்தால் வரிவரியாகக் கணக்குக் கேளுங்கள்.

மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, அண்ணா சாலை, தேனாம்பேட்டை ஃபாத்திமா அக்தர் கோர்ட்டில் உள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

ஆயுள் காப்பீட்டு பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். சில டேர்ம் பாலிசிகளில், ஆறு மாதத்துக்குள் இறப்பு நேரும் என்று மருத்துவர்கள் சான்று கொடுத்தால் காப்பீட்டுத் தொகையை உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் பிரிவு இருக்கிறது. முகவர்கள் இதை ஞாபகப்படுத்துவது அரிது. பழைய எல்ஐசி எண்டோமென்ட் பாலிசி என்றால் சரண்டர் செய்துவிடாமல் (பாதியில் முடித்துப் பணம் வாங்கிவிடாமல்) அதன்மேல் கடன் வாங்குங்கள். சரண்டர் செய்தால் இறப்புத் தொகை போய்விடும். கடன் என்றால் கடனும் வட்டியும் போக மீதி நாமினிக்கு வரும்.

அரசுக் காப்பீடு, இஎஸ்ஐ

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஸ்மார்ட் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். பிறகு ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பதிவு மையத்தில் சேரலாம். உதவி எண் 1800 425 3993.

சிக்கல் பெரும்பாலும் குடும்ப அட்டையில்தான் வருகிறது. சென்னையில் மகன் வீட்டில் இருக்கும் அம்மாவின் பெயர் ஊரில் உள்ள அட்டையில் இருக்கும். அவசரப்பட்டு மகனுடைய அட்டைக்கு மாற்றிவிடாதீர்கள். மகனின் வருமானம் சேர்ந்ததும் தகுதியே போய்விடும். ஊரில் பதிவு செய்த காப்பீடும் சென்னையில் திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் செல்லும். இந்தக் காப்பீடு மருத்துவமனைச் சேர்க்கைக்கும் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கும்தான். வீட்டில் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் அட்டெண்டருக்கு வராது. எலும்பில் பரவிய வலியைக் குறைக்கும் கதிர்வீச்சு போன்றவற்றுக்குப் பொருந்துமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள தொழிலாளி என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு). அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் கே.கே.நகர், அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனைகளில் சிகிச்சை உண்டு. தொழிலாளியே புற்றுநோய் போன்ற நீண்டகால நோயில் விழுந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும் நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன் இருக்கிறது. ராஜினாமா எழுதுவதற்கு முன் இதைக் கேளுங்கள். வேலையை விட்டபின் கேட்டால் உரிமையே கைநழுவிவிடலாம்.

படி 4: வீட்டுச் செலவைத் தாளில் எழுதுங்கள்

ஆள் கூலிதான் இதில் பெரியது. ஏஜென்சி சொல்லும் 12 மணி நேர ஷிஃப்ட் கட்டணத்தை முப்பதால் பெருக்கிப் பாருங்கள். ஷிஃப்டுக்கு 900 என்றால் மாதம் 27,000. பகல், ராத்திரி இரண்டுக்கும் ஆள் என்றால் 54,000. வீட்டோடு தங்கும் ஒருவர் என்றால் இதைவிடக் குறையும். ஆனால் அவரும் ராத்திரி தூங்க வேண்டும், சாப்பாடும் நீங்கள் போட வேண்டும். பல வீடுகளுக்குச் சரியாக வருவது இதுதான்: பகலில் அட்டெண்டர், ராத்திரி குடும்பத்தினர் முறைவைத்து, டியூப் மாற்றவும் கட்டுப்போடவும் மட்டும் நர்ஸ். தகுதி பெற்ற நர்ஸை முழுநேரமும் வைத்துவிட்டு டயப்பர் மாற்றச் சொல்வது வீண்செலவு. அட்டெண்டரை ஊசி போடச் சொல்வது ஆபத்து.

ஏஜென்சியிடம் பேசும்போது பதிவுக் கட்டணம் எவ்வளவு, ஆள் வராத நாளுக்குப் பணம் கழிப்பார்களா, மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், நோயாளி மாத நடுவில் இறந்தால் மீதித் தொகை திரும்புமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டு, பதிலை வாட்ஸாப்பில் எழுதி வாங்குங்கள். ஒரு மாதத் தொகையை மொத்தமாக முன்கூட்டிக் கொடுக்காமல் வாரக் கணக்கில் கொடுங்கள்.

டயப்பர் நாளுக்கு ஐந்து என்றால் மாதம் 150. ஒன்று 40 ரூபாய் என்று வைத்தால் 6,000. யூரின் டியூப் போட்டவருக்கு எண்ணிக்கை குறையும். பகலில் அடியில் விரிக்கும் ஷீட்டை மட்டும் பயன்படுத்தினால் இன்னும் குறையும், தோலும் காற்றாட இருக்கும். சாதாரண லேடெக்ஸ் யூரின் டியூபை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முழு சிலிக்கான் டியூப் 12 வாரம் வரை தாங்கும். விலை அதிகம்தான், ஆனால் நர்ஸ் வரும் கட்டணத்தைச் சேர்த்தால் சிலிக்கான்தான் லாபம்.

படுக்கைப்புண்ணைத் தடுக்க உதவும் ஏர் பெட்டை (காற்று மெத்தை) வாடகைக்கு எடுப்பதைவிட வாங்குவது பெரும்பாலும் மலிவு. கட்டிலும், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் மெஷினும் வாடகைக்கு எடுங்கள். ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பில் ஒரு ஆழமான படுக்கைப்புண் வந்துவிட்டால், மாதக்கணக்கில் கட்டுச்செலவு, ஆன்டிபயாடிக், வலி என்று மற்ற எல்லாக் கணக்கும் குலைந்துவிடும்.

கான்சென்ட்ரேட்டருக்கு வாடகையோடு கரன்ட் செலவும் இருக்கிறது. 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் எடுக்கும். 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 8 யூனிட்டுக்கு மேல், இரண்டு மாத பில்லில் சுமார் 500 யூனிட். வீட்டின் வழக்கமான உபயோகமும் சேர்ந்தால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டியதும் கீழ் யூனிட்டுகளுக்கும் விலை ஏறுவதால் பில் திடீரென்று எகிறும். பக்கத்தில் ஒரு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரும் வேண்டும். 1,500 லிட்டர் கொள்ளளவு, நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம் போல வரும். புயல் மழையில் கரன்ட் போகும் கார்த்திகை மாதத்தில் அது இல்லாமல் இருக்கக் கூடாது. ஆனால் ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கும்போதே மூச்சு வாங்கினால், முகத்துக்கு நேரே ஃபேன், தலைப்பக்கம் உயர்த்திய படுக்கை, டாக்டர் சொல்லும் சிறு அளவு மார்ஃபின் இவையே சுகம் தரலாம். மெஷின் உண்மையில் தேவையா என்று முதலில் கேளுங்கள்.

மற்ற மருந்துகளுக்கு மலிவு விலைக் கடைகளான மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் ஆகியவற்றில் சீட்டைக் காட்டி விலை கேளுங்கள். உணவு டியூப் வழியே கொடுக்க டப்பா பவுடர்தான் வேண்டும் என்பதில்லை. வடிகட்டிய கஞ்சி, பருப்புத் தண்ணீர், மோர் போன்றவற்றை எந்த அளவில் கொடுக்கலாம் என்று டயட்டீஷியனிடம் எழுதி வாங்குங்கள்.

கட்டணம் வாங்கும் பராமரிப்பு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மாதக் கட்டணத்துக்குள் டயப்பர், ஆக்சிஜன், டாக்டர் வருகை, பிசியோ எவை அடங்கும் என்று பட்டியலாக வாங்குங்கள். மார்ஃபின் அவர்களிடம் உண்டா, நிலைமை மோசமானால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா அல்லது மருத்துவமனைக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். அனுப்புவார்கள் என்றால் அது ஹாஸ்பிஸ் இல்லை, கட்டணம் அதிகமான தங்குமிடம்.

படி 5: கைக்காசை எந்த வரிசையில் தொடுவது

முதலில் நோயாளியின் சொந்தப் பணம். அவர் நினைவோடு இருக்கும்போதே வங்கிக் கணக்கில் ஒருவரைக் கூட்டாகச் சேர்த்து, இருவரில் யாரும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போட முடியாவிட்டால், இரண்டு சாட்சிகள் முன், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க, ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். வங்கி மறுத்தால் ரிசர்வ் வங்கி விதியையே சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகளில் யாருக்காவது பிஎஃப் இருந்தால் நோய்க்கான முன்பணத்துக்குப் படிவம் 31-ல் விண்ணப்பிக்கலாம். தசைச்சிதைவு, பார்க்கின்சன் போன்ற நோய்களால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. அது 2023-ல் 2,000 ரூபாய் ஆனது.

அதற்கடுத்து நகைக்கடன், அதுவும் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மட்டும். நகையை விற்பது, கிரெடிட் கார்டு இஎம்ஐ, மீட்டர் வட்டி மூன்றும் வேண்டாம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று பங்கு போடுவதாக இருந்தால், ஒருவர் கணக்கில் வாரம் இவ்வளவு என்று போட்டு, எல்லா பில்லையும் ஒரு வாட்ஸாப் குழுவில் ஏற்றுங்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்பவரின் உழைப்பும் பங்குதான். அவரிடம் பணப்பங்கு கேட்பது அநியாயம்.

பழைய வரிமுறையில் இருப்பவர்கள் வரிவிலக்கை விடாதீர்கள். வருமான வரியில் (1961-ம் ஆண்டுச் சட்டத்தில் 80டிடிபி பிரிவு) புற்றுநோய், பார்க்கின்சன், மறதிநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்றவற்றுக்கு 40,000 வரை, நோயாளிக்கு 60 வயதுக்கு மேல் என்றால் 1,00,000 வரை கழிக்கலாம். சிறப்பு மருத்துவரின் சீட்டு வேண்டும். காப்பீடே இல்லாத மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்கு (அதே சட்டத்தில் 80டி பிரிவு) 50,000 வரை உண்டு. ரொக்கமாகக் கொடுத்தது இதில் சேராது. மருந்துக்கடையில் ஜிபே பண்ணுங்கள்.

படி 6: ஐசியு பற்றி முன்பே பேசி எழுதுங்கள்

இதைத் தள்ளிப்போட்டால் மேலே சேமித்த அத்தனையும் மூன்று நாளில் போய்விடும். வென்டிலேட்டர் வேண்டுமா, மீண்டும் மருத்துவமனை வேண்டுமா என்று நோயாளியிடமே கேளுங்கள். பேசும் நிலையில் உள்ளவரை மறைத்துவைத்துச் சுற்றியிருப்பவர்கள் முடிவெடுப்பது சரியல்ல. உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்று, 2023 ஜனவரியில் எளிதாக்கிய முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தலை (எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நோயாளி எழுதிவைப்பது) இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெறலாம். வென்டிலேட்டர் போட்டபின் அதை எடுக்க இரண்டு மருத்துவக் குழுக்களின் ஒப்புதல் தேவை. போடும் முன்பே முடிவு செய்வது எல்லோருக்கும் எளிது. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கினால் யாருக்கு போன், எந்த மாத்திரை எத்தனை என்பதை ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். முதலில் பதறுபவர் அட்டெண்டராகவோ ஊரிலிருந்து வந்த உறவினராகவோ இருக்கும். அவர்களுக்காகத்தான் அந்தத் தாள்.

படி 7: வீட்டில் இறந்தால்

பார்த்துவந்த டாக்டர் இறப்புக்கான காரணத்தைப் படிவம் 4ஏ-வில் சான்றளிக்க வேண்டும். வருவாரா, வரமுடியாவிட்டால் யார் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அந்த நேரத்தில் டாக்டரைத் தேடி அலையும் குடும்பத்திடம்தான் இடைத்தரகர்கள் பணம் பிடுங்குகிறார்கள். அரசின் இலவச அமரர் ஊர்தி எண் 155377. 21 நாளுக்குள் பதிவு செய்தால் தாமதக் கட்டணம் இல்லை. சான்றிதழை மாநகராட்சி இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய பில்களை அனுப்ப பாலிசியில் சொன்ன கெடு துக்கத்துக்காக நிற்காது. குடும்பத்தில் ஒருவரிடம் அந்த வேலையை ஒப்படையுங்கள். கட்டில், கான்சென்ட்ரேட்டர், சிலிண்டர் மூன்றையும் அந்த வாரமே திருப்பி அனுப்பி டெபாசிட்டைக் கேளுங்கள், தாமதித்தால் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். மீதமுள்ள மார்ஃபினை எண்ணி, கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். பிரிக்காத டயப்பர் பாக்கெட்டையும் ஏர் பெட்டையும் அந்த ஹாஸ்பிஸோ சுகாதார நிலைய நர்ஸோ அடுத்த வீட்டுக்குச் சேர்த்துவிடுவார்கள்.